குழந்தைகளோடு கடலோரமும் மலையும்: கன்னியாகுமரி மாவட்டத்தில் நடை போக முழு வழிகாட்டி

கடலும் மலையும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்றுதான் கன்னியாகுமரிக்கு வரும் குடும்பங்கள் நினைக்கின்றன. முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறார்கள். விடியலில் கடற்கரை, நிதானமாகக் காலைச் சாப்பாடு, பத்து மணிக்கு மலையேற்றம். பதினொரு மணிக்குப் பாதி மலையில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளை அழுது, தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதாகிவிடுகிறது. கீழே உள்ளது நாகர்கோவிலையோ கன்னியாகுமரியையோ மையமாக வைத்து, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளும் வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து நடக்கக்கூடிய மூன்று நடைகளின் திட்டம்: முதலில் சிதறால் மலை, பிறகு சொத்தவிளை கடற்கரை, கடைசியில் மருந்துவாழ் மலை. அதே வரிசையில் படியுங்கள், அதே வரிசையில் செய்யுங்கள்.

## 1. மலை காலையில், கடல் மாலையில்

இந்தப் பக்கத்து மலைகள் பெரும்பாலும் மொட்டைப் பாறை. ஒன்பது மணிக்கு மேல் பாறை சூடேறத் தொடங்கினால் மாலை வரை ஆறாது. மேலிருந்து வெயில், கீழிருந்து பாறையின் அனல் என இரண்டு பக்கமும் சுடும். குழந்தை தரைக்கு நெருக்கமாக நடப்பதால் பெரியவரைவிட அதற்குத்தான் அனல் அதிகம். எனவே வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்கி, ஒன்பதுக்குள் அடிவாரம் வந்துவிட வேண்டும்.

கடற்கரை அப்படியல்ல. நாலு மணிக்கு மேல் வெயில் சாயும், காற்றும் இருக்கும். கால் களைத்திருந்தாலும் மணலில் உட்கார்ந்து விளையாடலாம்; நடையை எங்கே வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். மலையில் அந்த வசதி கிடையாது. ஏறியதை இறங்கித்தான் ஆக வேண்டும்.

முக்கடல் சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள். அன்றைக்கு மலை வேண்டாம்.

புறப்படும் முன் சூரிய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி கடைசியில் உதயம் ஏறக்குறைய 6.40, மறைவு 6.25. ஜூனில் உதயம் 6 மணி வாக்கில், மறைவு 6.35-ஐத் தாண்டும். நவம்பரில்தான் ஏமாறுவார்கள்: ஆறு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். நாலரைக்குத் தொடங்கும் கடலோர நடைக்கு ஜூனில் இரண்டு மணி நேரம் கிடைக்கும், நவம்பரில் ஒன்றரைதான்.

## 2. மாதத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை மலைக்கும் கடலுக்கும் நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலோடு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை 7-ஆம் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். மணக்குடி முதல் முட்டம், குளச்சல் வரையுள்ள கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அப்போது கரையில் நடக்கலாம், அலையருகே போகக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று உயரமான பாறை முனைகளில் சிறு பிள்ளையைத் தள்ளாட வைக்கும் அளவுக்கு வீசும்.

அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்கு மழை. காலையில் வானம் வெறிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடி இறங்கும். காலையில் மலை என்ற வரிசை இந்த மாதங்களில் இன்னும் முக்கியம். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தால் மருந்துவாழ் மலையை விட்டுவிட்டுச் சிதறாலுக்குப் போங்கள். நிழல் படியும் பாறையில் பச்சைப் பாசி இருக்கும். காய்ந்தபோது கண்ணுக்கே தெரியாது, நனைந்தால் வழுக்கும்.

## 3. தூரத்தை முடிவு செய்வது மிகச் சிறிய கால்

கூகுள் வரைபடம் காட்டும் நடை நேரம் தார்ச்சாலையில் பெரியவர் நடக்கும் வேகம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளோடு போகும்போது இந்தக் கணக்கு பொருந்தும்:

- ஈரமான, இறுகிய மணல்: மணிக்கு 3 கி.மீ.
- காய்ந்த பொல பொல மணல்: மணிக்கு ஒன்றரை கி.மீ.
- படிக்கட்டும் பாறையும் கலந்த ஏற்றம்: மணிக்கு ஒரு கி.மீ., சில இடங்களில் அதற்கும் குறைவு
- இறக்கம்: ஏறிய நேரத்தில் முக்கால் பங்கு. பாதி நேரம் என்று போடுவதுதான் வழக்கமான தவறு.

ஐந்து முதல் ஏழு வயது வரை போக வர மொத்தம் 3 கி.மீ. போதும். எட்டு முதல் பத்து வரை 5 கி.மீ. முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டி கூட வந்தால் ஏற்றத்தைவிட இறக்கத்தையே யோசியுங்கள். வலி அப்போதுதான் வரும்.

பிறகு, திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ‘உச்சிக்குப் போய்த் திரும்புவோம்’ என்பதைவிட ‘7.45-க்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவோம்’ என்பது நல்லது. இதைப் பிள்ளைகளிடம் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். மலை மேல் நின்றுகொண்டு சொன்னால் தோற்றுப்போனதாக எடுத்துக்கொள்வார்கள். முந்தின இரவே சொன்னால் அது திட்டத்தின் பகுதி.

## 4. பையில் போட வேண்டியவை

தண்ணீர்: பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர், குழந்தைக்குக் கால் லிட்டர். மூன்று மணி நேர மலைக்கு இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை என்றால் நாலரை லிட்டர். ஒரே பெரிய கேனில் எடுக்காமல் சிறு பாட்டில்களாகப் பிரித்து, எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் பாட்டிலைத் தாங்களே சுமக்கட்டும். கையில் இருந்தால்தான் பிள்ளைகள் குடிப்பார்கள்.

செருப்பு: ரப்பர் செருப்பு வேண்டாம். இறக்கத்தில் கால் முன்னே நழுவி, விரலிடுக்கு வார் அறுந்துவிடும். மலைக்குக் கேன்வாஸ் ஷூ. கடலுக்குக் குதிகாலில் வார் உள்ள சாண்டல். புது ஷூவை முதன்முதலாக மலையில் போடாதீர்கள்.

சாப்பாடு: இந்த ஊர்ச் சிறு வாழைப்பழமான மட்டிப்பழம் குழந்தைகளுக்கென்றே செய்த அளவு, இரண்டு கடியில் முடியும். கூடவே கடலை மிட்டாய், ஏத்தங்காய் சிப்ஸ். புளிசாதமும் தயிர்சாதமும் நடை முடிந்த பிறகுதான். வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறினால் வாந்தி வரலாம்.

இவை தவிர தொப்பி, ஒரு பருத்தித் துண்டு (நனைத்துக் கழுத்தில் போட, கீழே விரிக்க, காயத்தைக் கட்ட), ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, க்ரேப் பேண்டேஜ், சிறு டார்ச், குப்பைக்கு ஒரு பை. முதுகில் மாட்டும் பையாக இருக்கட்டும், இரண்டு கையும் காலியாக வேண்டும். தள்ளுவண்டி இங்குள்ள எந்த நடைக்கும் உதவாது.

## 5. முதல் நடை: சிதறால்

மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கி.மீ. திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். அடிவாரத்திலிருந்து மேலே வரை கல் பதித்த சரிவுப் பாதை இருக்கிறது, வழி தவறாது. குழந்தைகளோடு ஏற அரை மணி.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏற்றத்தில் எப்படி நடப்பார்கள் என்று இங்கே தெரிந்துவிடும். இதை முடித்துவிட்டு இன்னும் குதித்துக்கொண்டிருந்தால் மருந்துவாழ் மலைக்குத் தயார். நடுவில் மூன்று முறை உட்கார்ந்தார்கள் என்றால் மருந்துவாழ் மலையில் படிகள் முடியும் இடம் வரை மட்டும் திட்டமிடுங்கள்.

ஏறும்போது வேகமாக நடக்கும் பிள்ளையை முன்னால் விடாதீர்கள். முன்னால் ஒரு பெரியவர், அவருக்கு அடுத்து மிக மெதுவாக நடப்பவர், கடைசியில் இன்னொரு பெரியவர். மெதுவாக நடப்பவர் கடைசியில் வந்தால் என்ன ஆகும் தெரியுமா? மற்றவர்கள் நின்று இளைப்பாறிவிட்டு, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது.

மேலே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறை முகத்தில் சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. பாம்பு தலைக்கு மேல் படமெடுத்து நிற்கும் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் எது, சிங்கத்தோடு நிற்கும் சமண யட்சி அம்பிகை எது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். கால் மணி நேரம் நிழலில் நிற்பார்கள். மூச்சு வாங்க அது போதும். சிற்பத்தின் மேல் கை வைக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள். ஆயிரம் ஆண்டு கடந்த கல், தொடத் தொடத் தேயும்.

கோயிலுக்கு மேலே திறந்த பாறைப் பரப்பும் சுனையும் உண்டு. விளிம்பில் தடுப்பு இருக்காது என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். மேலே கடை கிடையாது, தண்ணீரைக் கீழிருந்தே கொண்டுபோக வேண்டும்.

## 6. இரண்டாவது நடை: சொத்தவிளை

மணக்குடிக்கு மேற்கே, ஏறக்குறைய 4 கி.மீ. நீளத்துக்கு விரிந்த மணல். குடும்ப நடைக்கு இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல கரை எனக்குத் தெரியவில்லை. அகலமான, பாறை குறைவான மணல். கடற்கரைச் சாலையும் பக்கத்திலேயே.

இறங்கியதும் முதலில் தேட வேண்டியது, அலை கடைசியாக ஒதுக்கிவிட்டுப் போன குப்பைக் கோடு. சிப்பி, பாசி, குச்சி, நுரை காய்ந்த தடம் எல்லாம் சேர்ந்து கரை நெடுக ஒரு வளைகோடாகக் கிடக்கும். கொஞ்ச நேரம் முன்பு வரை அலை அங்கே வந்திருக்கிறது, திரும்பவும் வரும். பையும் பாயும் அதற்கு மேலே. நடை அதற்குச் சற்றுக் கீழே, இறுகிய ஈர மணலில். குழந்தை எப்போதும் கரைப் பக்கம், பெரியவர் கடல் பக்கம்.

இங்கே ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஒரு மீட்டருக்கும் குறைவாகவே ஏறி இறங்கும், அதனால் இறுகிய மணல்பட்டை அகலமில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றத்தில் அகலம் கூடும். அதே நாட்களின் ஏற்றத்தில் பட்டையே மூழ்கிப்போகும். அப்படியானால் காய்ந்த மணலில்தான் நடக்க வேண்டும், தூரத்தைப் பாதியாக்குங்கள்.

காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புங்கள். தென்மேற்குப் பருவத்தில் முதலில் மேற்கே போவது என்று பொருள். தெம்பு இருக்கும்போது எதிர்காற்றை முடித்துவிடலாம். மணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் போகும்போது ஒரு கால் பள்ளத்திலும் மறு கால் மேட்டிலும் படும். கணுக்கால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது சாக்கு இல்லை. அந்த இடத்திலேயே திரும்புங்கள், சரிவு மாறி மறு காலுக்குப் போய்விடும்.

மீனவர் ஊர்களை ஒட்டி நடக்கும்போது, அது அவர்கள் வேலை செய்யும் இடம் என்ற நினைவு வேண்டும். விரித்து வைத்த வலையைத் தாண்டவோ மிதிக்கவோ கூடாது. கரையிலிருந்து வலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றுக்குக் குறுக்கே போகாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். கயிறு திடீரென விறைக்கும். “அண்ணே, இன்னைக்கு கடல் எப்படி?” என்று கேட்டுவிட்டு நடையைத் தொடங்குவது எந்தச் செயலியையும்விட நல்ல பழக்கம்.

சின்னஞ்சிறு பிள்ளைகள் என்றால் வட்டக்கோட்டை. கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஆறேழு கி.மீ. கோட்டை மதில் மேல் ஒரு சுற்று, ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலைத்தொடர். மதில் மேல் கையை விடாதீர்கள். பக்கத்துக் கரையில் கருமணல் கலந்திருக்கிறது. வெள்ளை மணலைவிட வேகமாகச் சுடும், வெறுங்காலோடு இறக்க வேண்டாம். கோட்டை மாலையில் மூடிவிடும் என்பதால் கரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

## 7. அலை: எங்கே நிற்கலாம், எங்கே கூடாது

நடை முடிந்ததும் ‘கால் மட்டும் நனைக்கலாம்’ என்று இறங்கும்போதுதான் விபத்து நடக்கிறது. எனவே இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டாதீர்கள்.

கள்ளக்கடல். தெற்கே பல ஆயிரம் கி.மீ. தொலைவில் பெருங்கடலில் அடிக்கும் புயலிலிருந்து கிளம்பும் நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் வந்து கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது, செய்தியிலும் வரும். எச்சரிக்கை உள்ள நாளில் கடலோர நடையே வேண்டாம், சிதறாலுக்குப் போங்கள். வானம் நன்றாக இருக்கிறதே என்பது இதில் கணக்கில்லை.

அமைதியான இடைவெளி. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் நுரையில்லாமல் கலங்கலாகவோ கருத்தோ நீர் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் பாதை அது. குழந்தையை இறக்க அமைதியான இடமாகத் தோன்றும். உண்மையில் இழுவை அங்கேதான். யாராவது சிக்கினால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். கரையில் இருப்பவர் பின்னால் குதிக்காமல் மிதக்கும் கேனையோ கயிற்றையோ வீச வேண்டும்.

பாறைகள். முட்டத்தில் கலங்கரை விளக்கம், செம்மண் மேடு, பாறை முனை எல்லாம் பார்க்கத் தகுந்தவை. மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பாறையில் ஒரு கோட்டுக்குக் கீழே நிறம் கறுத்துப் பாசியும் சிறு ஓட்டுயிர்களும் அப்பியிருக்கும். அலை வழக்கமாக அதுவரை வருகிறது. அந்தக் கோட்டிலிருந்து குறைந்தது பத்தடியாவது மேலே நில்லுங்கள். ஐந்து நிமிடம் சிறிய அலைகளைப் பார்த்துவிட்டு ‘இங்கே வராது’ என்று இறங்குகிறார்கள். பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டே வரும்.

## 8. மூன்றாவது நடை: மருந்துவாழ் மலை

நாகர்கோவில் – கன்னியாகுமரி சாலையில் பொற்றையடியில் இறங்க வேண்டும். மூன்று நடைகளில் இதுதான் கடினம், அதனால் கடைசி. எட்டு வயதுக்கு மேல் முழு மலை. அதற்குக் கீழே என்றால் படிகள் முடியும் இடம் வரை.

அடிவாரத்தில். 6.30-க்குள் வந்துவிடுங்கள். பழங்களை இங்கேயே தின்று தீர்த்துவிட வேண்டும். மேலே குரங்குகள் உண்டு. கையில் தெரியும் பழமும் சலசலக்கும் பிளாஸ்டிக் கவரும் அவற்றுக்கு அழைப்பு. தின்பண்டம் பைக்குள், ஜிப் மூடி. குரங்கு வந்து பையைப் பிடித்தால் இழுத்துப் போட்டி போடாமல் விட்டுவிடுங்கள். பல்லைக் காட்டிச் சிரிக்கவோ கண்ணோடு கண் பார்க்கவோ கூடாது, அது சண்டைக்கு அழைப்பதாகும்.

படிகள். இங்கேதான் எல்லோரும் வேகமாக ஏறிக் களைத்துப் போகிறார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு நின்றால் வேகம் அதிகம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றபடி இரண்டு மடக்குத் தண்ணீர், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து ஓய்வு.

பாறைப் பகுதி. படி முடிந்ததும் கையும் காலும் சேர்த்து ஏற வேண்டிய பாறைகள். ஷூ வாரை இங்கே ஒருமுறை இறுக்கிக் கட்டுங்கள். பிள்ளை ஏறும்போது பெரியவர் ஒருவர் கீழே, கைக்கெட்டும் தூரத்தில். மேலிருந்து கையைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு முழங்கை மூட்டு விலகக்கூடும். கால் வைக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தாலே ஏறிவிடுவார்கள். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை வரை போனால் நிழலும் காற்றும் கிடைக்கும். வழிபடுபவர்கள் இருப்பார்கள், சத்தம் வேண்டாம்.

மேலிருந்து தெற்கே கடல், கீழே குளங்களும் வயலும் தென்னந்தோப்பும், வடக்கே காற்றாலைகள். முந்தின மாலை நடந்த கரையைப் பிள்ளைகள் இங்கிருந்து கண்டுபிடிப்பதற்காகவே சொத்தவிளையை முன்னால் வைத்திருக்கிறேன்.

இறக்கம். குறித்த நேரம் வந்ததும் இறங்குங்கள். செங்குத்தான இடத்தில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும்; இல்லையென்றால் உட்கார்ந்து நகரலாம். பெரியவர் முன்னால், அதாவது கீழே. பிள்ளையைத் தோளில் உட்கார வைத்து இறங்காதீர்கள். சறுக்கினால் இரண்டு பேரும் விழுவீர்கள், உயரத்திலிருந்து விழுவது பிள்ளை. தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதுகில் துண்டால் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

## 9. ஏதாவது ஆகிவிட்டால்

வெயில் மயக்கம்: துறுதுறுவென்றிருந்த பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்து, தலை வலிக்கிறது என்றால் நடையை நிறுத்துங்கள். நிழல், நனைத்த துண்டு கழுத்திலும் அக்குளிலும், ஓ.ஆர்.எஸ். சிறு சிறு மடக்காக. ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். அரை லிட்டரில் கெட்டியாகக் கரைக்காதீர்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் காத்திருக்காமல் 108.

சொறிமீன்: கரையில் ஒதுங்கிய கண்ணாடி போன்ற, அல்லது நீல நிறக் குமிழ் போன்ற எதையும் தொடக் கூடாது, செத்தாலும் கொட்டும். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல் கடல் நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் நச்சு முட்கள் மேலும் வெடிக்கும். ஒட்டிய இழைகளை அட்டை விளிம்பால் எடுத்த பிறகு, பொறுக்கும் அளவு சூடான நீரில் வைத்தால் வலி தணியும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

கால் பிசகினால்: ஷூவைக் கழற்றாமல் அதன் மேலேயே க்ரேப் பேண்டேஜைச் சுற்றி இறக்கிக் கொண்டுவாருங்கள். கழற்றினால் வீங்கி, திரும்பப் போட முடியாது.

பாம்புக்கடி: இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கெடுதல். கடிபட்ட கை காலை அசைக்காமல், நடக்க விடாமல் தூக்கி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கடலில் யாராவது சிக்கினால் 1093, கடலோரப் பாதுகாப்புக் குழுமம். இதையும் 108-ஐயும் வீட்டிலிருந்து கிளம்பும் முன் எல்லாப் பெரியவர்களின் செல்போனிலும் பதிந்துவையுங்கள். போனை வைத்திருப்பவரே தண்ணீரில் இருக்கலாம்.